பள்ளிக்கூடப் பாதை – 7: பதினோராம் வகுப்புச் சைக்கிள்

சென்ற இதழில் காமராசர் காலத்து மைல் கணக்கோடு நிறுத்தியிருந்தோம். ஒரு மைலுக்குள் தொடக்கப் பள்ளி, மூன்று மைலுக்குள் நடுநிலைப் பள்ளி, ஐந்து மைலுக்குள் உயர்நிலைப் பள்ளி என்று இலக்கு வைத்து, நெ.து. சுந்தரவடிவேலுவைப் போன்ற அதிகாரிகள் ஊர் ஊராகப் பள்ளி திறந்த கதை அது. நடந்து போகிற தூரத்தில் பள்ளிக்கூடம் இருந்தால் பிள்ளை வரும் என்பது அந்தக் கணக்கின் அடிப்படை. வந்தார்கள்.

கணக்கில் ஓட்டை விழுந்தது 1978இல். அந்த ஆண்டுதான் தமிழ்நாட்டில் பி.யூ.சி. என்ற புகுமுக வகுப்பைக் கல்லூரியிலிருந்து எடுத்துவிட்டுப் பள்ளிக்கூடத்திலேயே பிளஸ் டூ கொண்டுவந்தார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால் உயர்நிலைப் பள்ளி அத்தனையும் ஒரே நாளில் மேல்நிலைப் பள்ளி ஆகிவிடுமா? ஆய்வுக்கூடம் வேண்டும், பாடத்துக்கு ஒரு முதுநிலை ஆசிரியர் வேண்டும், கட்டடம் வேண்டும். அதனால் பெரிய ஊர்ப் பள்ளிகளுக்கே முதலில் பிளஸ் டூ கிடைத்தது. பத்தாவதுவரை பக்கத்தில் படித்த கிராமத்துப் பிள்ளை, பதினொன்றாவதுக்கு டவுனுக்குப் போக வேண்டியதாயிற்று. பின்னால் வந்த மத்திய அரசின் இடைநிலைக் கல்வித் திட்டமும், உயர்நிலைப் பள்ளி 5 கிலோமீட்டருக்குள் என்று சொன்ன கையோடு மேல்நிலைப் பள்ளிக்கு 7 முதல் 10 கிலோமீட்டர் என்று தாராளமாக விட்டுவிட்டது. அந்தப் பத்துக் கிலோமீட்டரைப் பதினாறு வயதுப் பெண் எப்படிக் கடப்பாள் என்பதுதான் இந்த இதழின் கதை.

அதை ஆரணியிலிருந்து சொல்வது பொருத்தம். கமண்டல நாக நதிக்கரையில் இருக்கும் இந்த ஊர் 1989 வரை வட ஆற்காடு மாவட்டம். அதன்பிறகு திருவண்ணாமலை மாவட்டம். 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 63 ஆயிரத்துச் சொச்சம். அரிசி ஆலைகளும் பட்டுத் தறிகளும்தான் ஊரின் பிழைப்பு. சேவூர், முள்ளிப்பட்டு, இரும்பேடு, ஒண்ணுபுரம், அத்திமலைப்பட்டு என்று சுற்றிலும் தறிச் சத்தம் கேட்கிற ஊர்கள். பஸ் பிடிக்க, சந்தைக்கு, முதலாளி வீட்டில் புடவை கொடுக்க, பள்ளிக்கூடத்துக்கு என்று எல்லாவற்றுக்கும் ஆரணிதான் டவுன்.

நெசவாளர் தெருவைக் காலையில் பார்த்தவர்களுக்குத் தெரியும். வெயில் ஏறுவதற்கு முன்பே பாவை, அதாவது தறியின் நெடுக்கு நூலை, வெளியே கொண்டுவந்து தெரு நீளத்துக்கும் இழுத்துக் கட்டிவிடுவார்கள். இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழை இழையாகப் பிரித்து, அறுந்ததைப் பிணைத்து, கஞ்சி போட்டுக் காயவைப்பார்கள். அதுவரை அந்தத் தெருவில் எந்த வண்டியும் நுழையாது. நுழைந்தாலும் இறங்கித் தள்ளிக்கொண்டு ஓரமாகத்தான் போகவேண்டும். பாவு அறுந்தால் நெய்பவனுக்கு எவ்வளவு நஷ்டம் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும்; போலீஸ்காரர் வந்து சொல்ல வேண்டியதில்லை. பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கு ஓடுகிற பிள்ளைகள் பாவுக்கு அடியில் குனிந்து போவார்கள். நெதர்லாந்தில் டெல்ஃப்ட் நகரத்துக்காரர்கள் 1960களின் கடைசியில் குடியிருப்புத் தெருக்களில் வளைவும் மேடும் செடித்தொட்டியும் வைத்து, கார்களை நடை வேகத்துக்கு இறக்கினார்கள். 1976இல் அதற்குச் சட்டமும் வந்தது. ‘வூனெர்ஃப்’ என்று பெயர் வைத்து உலகமெல்லாம் பேசினார்கள். ஆரணித் தெரு அதே வேலையைப் பட்டு நூலை வைத்தே செய்துவந்தது. யாரும் போட்டோ எடுக்க வரவில்லை, அவ்வளவுதான்.

அந்தத் தெருவுக்குள் பிள்ளைக்கு வண்டி பயம் இல்லை. வேறு பயம் இருந்தது. தறி பிள்ளையைப் பிடித்து உட்காரவைத்துவிடும். கோர்வைப் புடவை என்றால் கரைக்கு நாடா தள்ளப் பக்கத்தில் இன்னொரு ஆள் வேண்டும். கூலிக்கு ஆள் வைக்க வழியில்லாத வீட்டில் அந்த ஆள் பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைதான். ஊடை நூலைத் தாராகச் சுற்றுவது சின்னப் பிள்ளைகள் வேலை. காலையில் நாலு தார் சுற்றிக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்குப் போ என்பது பல வீடுகளில் சாதாரணப் பேச்சு. பட்டுத் தறியில் குழந்தை உழைப்பைப் பற்றிக் காஞ்சிபுரத்தை வைத்து எத்தனையோ அறிக்கைகள் வந்துவிட்டன. பக்கத்து நெசவு ஊர்கள் அதற்கு விலக்கில்லை. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தபோதுகூட, குடும்பத்தோடு சேர்ந்து செய்யும் வேலைக்கு விலக்கு வைத்துத்தான் எழுதினார்கள். ஆகவே நெசவு ஊரில் பள்ளிக்குப் போகும் நேரம் என்பது தறியிடமிருந்து பிடுங்கப்படும் நேரம். போய்வர இரண்டு மணி நேரம் நடை என்றால், பத்தாவதோடு போதும் என்று முடிவு கட்ட அப்பாவுக்கு வேறு காரணமே தேவையில்லை. அதுவும் பெண்பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம்.

இங்கேதான் சைக்கிள் வருகிறது.

சைக்கிள் நம் ஊர்களுக்குப் புதிதல்ல. 1949இல் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனம் தொடங்கி, அம்பத்தூரில் ஹெர்குலிஸ் சைக்கிள் தயாரித்த காலத்திலிருந்தே அது நெசவாளியின் வண்டி. கேரியரில் பாவு மூட்டை, ஹேண்டில்பாரில் சோற்றுத் தூக்கு. வாங்க முடியாதவனுக்கு மணிக்கணக்கில் வாடகை சைக்கிள் கடை. நகராட்சிகள் சைக்கிளுக்கு வரி வசூலித்து வில்லை கொடுத்த காலமும் உண்டு. இரவில் விளக்கு இல்லாவிட்டால் போலீஸ் பிடிக்கும். அரசாங்கத்துக்கும் சைக்கிளுக்கும் இருந்த ஒரே உறவு வாங்குகிற உறவு என்று சொல்லலாம். சைக்கிளுக்காகக் கொடுக்கிற உறவு வெகு பிற்பாடு வந்தது. சைக்கிள் ஆண்கள் ஓட்டுகிற வண்டி என்பதிலும் ஊருக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

அந்தக் கருத்தை முதலில் உடைத்த ஊர் புதுக்கோட்டை. 1991இல் அங்கே எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கம் தொடங்கியபோது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்துக் கற்றுக்கொள்ள வந்த பெண்களும் கற்றுக்கொடுக்க வந்த பெண்களும் ஊர் ஊராகப் போய்வர வேண்டும். பஸ்ஸை நம்ப முடியாது. சைக்கிள் ஓட்டப் பழகுவதையும் அறிவொளியின் ஒரு பாடமாக்கினார்கள். குவாரியில் கல்லுடைக்கும் பெண்கள், விவசாயக் கூலிகள், கிராமச் செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர் எல்லாரும் இறங்கினார்கள். ஓட்டத் தெரிந்தவள் தெரியாதவளுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடினாள். 1992 மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்கத் தாமதமான இடத்தில் ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்கள். முன்கம்பியில் குழந்தையை உட்காரவைத்துக்கொள்ளலாம் என்பது அதில் கூடுதல் லாபம். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை விரிவாக எழுதியிருக்கிறார். பஸ் வராத ஊரில் தண்ணீர் எடுக்கவும் சந்தைக்குப் பொருள் கொண்டுபோகவும் மிச்சமான நேரத்தைத்தான் அந்தப் பெண்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அவர்களுக்குச் சைக்கிள் முதலில் நேரம். மற்ற பெரிய வார்த்தைகளெல்லாம் பார்க்க வந்தவர்கள் சேர்த்தவை.

பத்தாண்டு கழித்து அரசாங்கமே சைக்கிள் வாங்கிக் கொடுக்க வந்தது. 2001-02இல், ஜெயலலிதா ஆட்சியில், அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிகளில் மேல்நிலை வகுப்பு படிக்கும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு விலையில்லாச் சைக்கிள் தரப்பட்டது. 2005-06இல் அது எல்லாச் சமூகத்து மாணவ மாணவியருக்கும் விரிந்தது. அப்போதுதான் ஆரணி போன்ற ஊர்ப் பள்ளிகளுக்கு லாரி லாரியாகச் சைக்கிள் வந்து இறங்கியது. ஏன் பதினோராம் வகுப்பு என்ற கேள்விக்கு விடை மேலே பார்த்த 1978இல் இருக்கிறது. தூரம் திடீரென்று நீண்டுவிட்ட இடம் அதுதான். அரசு அந்த இடத்தில் சரியாகக் கைவைத்தது. அதன்பின் ஆட்சி மாறிமாறி வந்தும் எந்தக் கட்சியும் இதைக் கைவிடவில்லை. தமிழ்நாட்டு அரசியலில் இது அபூர்வம். முந்தைய ஆட்சி கட்டிய கட்டடத்தின் பலகையையே மாற்றுகிற ஊர் இது.

சைக்கிள் பள்ளிக்கு வந்துசேரும் விதம் ஒரு தனிக் காட்சி. பாகம் பாகமாக வரும். மைதானத்து வேப்பமர நிழலில் ஆட்கள் உட்கார்ந்து சக்கரம் மாட்டி, செயின் கோத்து, ஹேண்டில்பார் முடுக்கி வரிசையாக நிறுத்துவார்கள். எம்.எல்.ஏ. தேதி கொடுக்கும்வரை அது அப்படியே வெயிலில் நிற்கும். விழா முடிந்ததும் பிள்ளைகள் யாரும் ஏறி ஓட்டிக்கொண்டு போவதில்லை. நேரே மூலையில் இருக்கிற சைக்கிள் கடைக்குத் தள்ளிக்கொண்டு போவார்கள். காற்று அடிக்க, நட்டு முடுக்க, பிரேக் கட்டை உரசுவதைச் சரிபார்க்க. அரசு முத்திரை போட்ட முன்கூடை முதல் வாரத்திலேயே வளைந்துவிடும். வீட்டுக்குப் போனபின் அது பிள்ளையின் சைக்கிள் மட்டுமல்ல. சாயங்காலம் அப்பா அதில் பாவு கட்டி எடுத்துப் போவார், தம்பி குரங்குப் பெடல் பழகுவான். திட்டத்தின் குறை என்று இதைச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. தறி வீட்டில் பிள்ளையின் படிப்புக்கு அப்பாவின் சம்மதம் வேண்டும். அந்தச் சம்மதத்தில் சைக்கிளுக்கும் ஒரு பங்கு இருந்திருக்கும்.

செலவு சின்னதல்ல. 2022இல் மட்டும் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு 300 கோடி ரூபாய்க்கு மேல் ஆனது. தலைக்கு ஐயாயிரம் என்று வைத்துக்கொள்ளலாம். பலன் உண்டா என்று கேட்டால், நல்ல ஆய்வு பிகாரிலிருந்து வந்தது. அங்கே 2006இல் நிதிஷ் குமார் அரசு ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தது. கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் செய்த ஆய்வில், உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்கள் சுமார் மூன்றில் ஒரு பங்கு கூடியது தெரிந்தது. ஆண் பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்தது. பலன் அதிகம் தெரிந்தது பள்ளி 3 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளியிருந்த கிராமங்களில். காமராசர் காலத்து மைல்காரர்கள் இதைக் கேட்டிருந்தால் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள்.

இப்போது அதே 2005க்கு வருவோம். தமிழ்நாடு எல்லாருக்கும் சைக்கிள் என்று முடிவுசெய்த அந்த ஆண்டு ஆகஸ்டில், அமெரிக்காவில் ஒரு சாலைச் சட்டம் கையெழுத்தானது. அதில் ‘பள்ளிக்குப் பத்திரமான பாதை’ என்று ஒரு மானியத் திட்டம். ஐந்து நிதியாண்டுகளுக்கு 61 கோடி 20 லட்சம் டாலர். எட்டாம் வகுப்புவரை படிக்கும் பிள்ளைகள், பள்ளியிலிருந்து சுமார் இரண்டு மைல் சுற்றளவு. நடைபாதை போட, சாலை கடக்கும் இடத்தைச் சரிசெய்ய, வண்டி வேகத்தைக் குறைக்க, சைக்கிள் பாதை அமைக்க என்று பணத்தில் 70 முதல் 90 சதவீதம் சாலைக்கே போக வேண்டியிருந்தது. மிச்சம் பாடம் நடத்தவும் கண்காணிக்கவும். இந்த யோசனையின் வேர் டென்மார்க்கின் ஓடென்ஸ் நகரத்தில், 1970களில். நெதர்லாந்திலும் அதே காலம்: 1971ஆம் ஆண்டில் மட்டும் 400க்கும் மேற்பட்ட பிள்ளைகள் சாலையில் செத்த கோபத்தில், பிள்ளைக் கொலையை நிறுத்து என்று பெயர் வைத்தே பெற்றோர் தெருவில் இறங்கினார்கள். இன்று நாம் வியக்கிற டச்சு சைக்கிள் பாதைகள் அந்தச் சண்டையில் கிடைத்தவை. யாரும் தானாகப் போட்டுக் கொடுக்கவில்லை.

ஒரே ஆண்டு, இரண்டு அரசாங்கம். அமெரிக்காக்காரன் பாதைக்குப் பணம் கொடுத்தான். சைக்கிள் அவனவன் வீட்டுப் பாடு. நாம் சைக்கிளைக் கொடுத்தோம். பாதை அவரவர் தலையெழுத்து. அங்கே வீட்டில் சைக்கிள் இருந்தும் காரில் கொண்டுபோய் விடுகிறார்கள், அதனால் பாதையைச் சரிசெய்தார்கள். இங்கே பாதை இருக்கிறதோ இல்லையோ, சைக்கிளே இல்லை. அப்போது நாம் எடுத்தது தப்பான முடிவு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இருபது ஆண்டாகியும் நம் கணக்கில் இரண்டாவது வரி சேரவில்லை என்பதுதான் சொல்ல வேண்டிய விஷயம்.

ஏன் சேரவில்லை? ஆரணியில் நின்று பார்த்தால் புரியும். ஆற்காட்டிலிருந்து விழுப்புரம் போகும் மாநில நெடுஞ்சாலை ஊருக்குள் வருகிறது. வேலூர், செய்யாறு, சேத்துப்பட்டு, போளூர் பஸ்கள், நெல் லாரி, ஷேர் ஆட்டோ எல்லாம் அதில்தான். அந்தச் சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது. அதிலிருந்து பிரியும் தெரு நகராட்சியுடையது. பள்ளி மதிலுக்கு உள்ளே இருப்பது பள்ளிக் கல்வித் துறை. சைக்கிள் வாங்குவது பிற்படுத்தப்பட்டோர் நலத் துறை. பள்ளி விடுகிற நேரத்துக்கு நிற்கிற காவலர் உள்துறை. சைக்கிளுக்கு ஒரு கணக்குத் தலைப்பு, ஒரு டெண்டர், ஒரு விழா உண்டு. பள்ளி வாசலிலிருந்து அரை கிலோமீட்டருக்கு நடைபாதை என்ற பொருளுக்கு எந்தத் துறையிலும் தலைப்பு இல்லை. இந்தியச் சாலைக் காங்கிரஸின் நெறிமுறைப் புத்தகம் நடைபாதை குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்கிறது. சைக்கிள் பாதைக்கு 1962லேயே தனிப் புத்தகம் போட்டார்கள். புத்தகத்துக்குப் பஞ்சமில்லை.

பணம் அறவே இல்லை என்றும் சொல்ல முடியாது. வாகன ஓட்டிகளிடம் வசூலாகும் அபராதத்தை வைத்துத் தமிழக அரசு சாலைப் பாதுகாப்பு நிதி ஒன்றை நடத்துகிறது. அதிலிருந்து வேகத்தடை, எச்சரிக்கைப் பலகை, விபத்து அதிகம் நடக்கிற இடங்களின் சீரமைப்பு என்று செலவாகிறது. ஊர்க்காரர்கள் ஒரு பங்கு போட்டால் அரசு மிச்சம் போடும் ‘நமக்கு நாமே’ திட்டம் இருக்கிறது. எம்.பி.க்கு ஆண்டுக்கு 5 கோடி தொகுதி நிதி இருக்கிறது. எல்லாம் கேட்டால் கிடைக்கிற பணம். கேட்பவர் யார் என்பதுதான் சிக்கல். எங்கே இதுவரை ரத்தம் சிந்தியதோ அங்கேதான் விபத்துக் கரும்புள்ளி என்று பட்டியலிட்டுச் சரிசெய்வார்கள். நல்லவேளையாக இன்னும் யாரும் சாகாத பள்ளி வாசல் அந்தப் பட்டியலில் ஏறாது.

சட்டத்தின் கதையும் இதே மாதிரிதான். 2012இல் சென்னைப் புறநகரில் பள்ளிப் பேருந்தின் தரை ஓட்டை வழியாக விழுந்து ஒரு சிறுமி இறந்தாள். உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. அதே ஆண்டில் பள்ளிப் பேருந்துகளுக்கென்று சிறப்பு விதிகள் வந்துவிட்டன. வண்டியின் நிறம், படியின் உயரம், உதவியாளர் எல்லாம் அதில் உண்டு. பேருந்துக்குள் இருக்கும் பிள்ளைக்கு அப்படி ஒரு விதி கிடைத்தது. அந்தப் பேருந்துக்கு ஒதுங்கி நடக்கிற பிள்ளைக்கு, சைக்கிளில் போகிற பிள்ளைக்கு, அப்படி எதுவும் இல்லை.

அதே 2012இல்தான் கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் உச்ச நீதிமன்றத்தில் சாலைப் பாதுகாப்புக்காகப் பொதுநல வழக்குப் போட்டார். உடைந்த எலும்புகளைத் தினமும் சேர்த்துக் கட்டியவர். 2014இல் நீதிமன்றம் ஒரு கண்காணிப்புக் குழுவை அமைத்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தில், சாலை வடிவமைப்பில் கோட்டைவிட்டு உயிர் போனால் அதற்குப் பொறுப்பான அமைப்புக்கு ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம் என்று புதுப் பிரிவு சேர்ந்தது. 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து போனவர்கள் என்பதை வைத்துப் பார்த்தால் அந்த ஒரு லட்சம் என்ன தொகை என்று நீங்களே சொல்லுங்கள். 2025 அக்டோபரில் அதே ராஜசேகரன் வழக்கில், நடப்போருக்கும் மோட்டார் இல்லா வண்டிகளுக்கும் உரிய விதிகளை ஆறு மாதத்துக்குள் வகுக்கும்படி மாநிலங்களுக்கு நீதிமன்றம் உத்தரவிட்டது. வழக்குக்கு அப்போது வயது பதின்மூன்று.

விதி வரட்டும். அதற்கு முன்பே கையில் இருக்கிற ஒரு கருவியைச் சொல்லிவிடுகிறேன். கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளிகளில் பெற்றோர் பெரும்பான்மையாக உள்ள பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. தமிழ்நாட்டில் 2022இல் இவற்றைப் புதிதாக அமைத்தார்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் எழுதுவது அவர்கள் வேலை. மானியத்துக்கு அந்தத் திட்டமே அடிப்படை என்று சட்டம் சொல்கிறது. கழிப்பறை, சுற்றுச்சுவர், ஸ்மார்ட் வகுப்பு என்று எழுதுகிறவர்கள் சுற்றுச்சுவரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சுவருக்கு வெளியே நூறு மீட்டரையும் அதே தாளில் எழுதி, நகலை ஆட்சியர் தலைமையிலான மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு அனுப்பினால் யாரும் சட்டமீறல் என்று சொல்ல முடியாது. பாவு போட்டால் வண்டி நிற்க வேண்டும் என்று ஊரையே பழக்கிவைத்த தெருக்காரர்களுக்கு இது பெரிய வேலையல்ல.

ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புவரை இருக்கும் பிள்ளைகளைப் பற்றி இதுவரை நான் பேசவில்லை. அவர்களுக்குச் சைக்கிள் கிடையாது. அவர்களுக்கு அரசு கொடுத்தது இலவசப் பஸ் பாஸ். பாஸ் இருந்தும் பஸ் நிற்காமல் போகிற நிறுத்தங்கள், படியில் தொங்கியவர்கள், கண்டக்டரோடு நடந்த சண்டைகள் எல்லாம் அடுத்த இதழில்.